கையும் குரலும் சேர்ந்தால்தான் வாக்கு

கல்முனையில் பதியுதீன் வீடு எது என்று கேட்டால், எந்தப் பதியுதீன் என்பார்கள். எங்களுக்கு அண்ணன் என்றால் காக்கா; டைம்கீப்பர் காக்கா வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கைகாட்டும். பஸ் டிப்போவில் நேரக்காப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற மனிதர். மட்டக்களப்பு, அக்கரைப்பற்று, பொத்துவில், அம்பாறை என்று ஒலிபெருக்கியில் பஸ்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருடைய தொண்டை அதே அளவில் நின்றுவிட்டது. "டீச்சர், குடிக்கக் கொஞ்சம் தண்ணி" என்று அவர் கேட்டாலும், பொத்துவில் பஸ் புறப்படப் போகிறதாக்கும் என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

இந்த மனிதர்தான் எங்கள் பள்ளிக்கூடத்தின் நிருவாக சபைத் தலைவர். காது கேளாத பிள்ளைகளும் கண் தெரியாத பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தங்கிப் படிக்கும் இடம் அது. நான் ஸுலைஹா, அதன் பொறுப்பாசிரியை. சபைக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டு, வாக்கு இல்லை. தேநீருக்கு ஒழுங்கு செய்வதும், காது கேளாத உறுப்பினர் றஸாக்குக்கு மற்றவர்கள் பேசுவதைக் கைமொழியில் சொல்வதும் என் வேலை. வாக்கு இல்லாதவளுக்கு வாய் அதிகம் என்று சபை உறுப்பினர் ஸாஜித் சொல்வார். சொல்லட்டும்.

டைம்கீப்பர் காக்கா விரும்பித் தலைவரானவர் அல்ல. பள்ளிக்கூட வாசலில் பஸ் நிறுத்தித் தரும்படி கேட்டு, அந்தக் காலத்துச் சபையினர் டிப்போவுக்குப் போயிருக்கிறார்கள். பார்வையற்ற பிள்ளைகள் பிரதான வீதியில் இறங்கி நடந்து வருவதைக் கேட்டதும், மனிதர் அடுத்த நாளே வாசலில் வந்து நின்று விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தியிருக்கிறார். இப்படிப்பட்ட ஒருவரைச் சபைக்காரர்கள் விடுவார்களா? முதலில் உறுப்பினர், பிறகு உபதலைவர், பழைய தலைவர் மவுத்தாகி அடக்கம் முடிந்ததும் தலைவர். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்ட கதை. பிள்ளைகள் அவருக்குக் கைமொழியில் ஒரு பெயர் வைத்தார்கள். இரண்டு விரலை உதட்டில் வைத்து விசில் ஊதுவதுபோல் காட்டினால் அது டைம்கீப்பர் காக்கா.

எங்கள் சபையில் வாக்கெடுக்கும் முறை வேறெங்கும் இராது. எல்லாச் சபையிலும் கையை உயர்த்துவார்கள், வேலை முடிந்துவிடும். எங்கள் சபையில் இராசதுரை இருந்தார். பாண்டிருப்பைச் சேர்ந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர், பள்ளிக்கூடத்தில் பிரெயில் படிப்பிக்கிறவர். "நீங்க கையத் தூக்கினா எனக்கு எப்படித் தெரியும்? ஆளுக்கொரு கை தூக்கிப்போட்டு, எல்லாரும் ஓம் எண்டுட்டாங்க எண்டு என்னட்டச் சொன்னா நான் நம்புறதோ?" என்று அவர் ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றுவிட்டார். சரி, வாயால் சொல்வோம் என்றார்கள். அப்போது றஸாக் மேசையில் தட்டினார். தையற்கடை வைத்திருக்கிறவர், காது சுத்தமாகக் கேட்காது. நீங்கள் வாயால் சொன்னால் எனக்கு எப்படித் தெரியும் என்று கையால் கேட்டார். நான் அதைச் சபைக்குச் சொன்னேன். சபை சிரித்தது. பிறகு யோசித்தது. கடைசியில், கையையும் உயர்த்த வேண்டும், ஓம் என்று சத்தமாகச் சொல்லவும் வேண்டும், இரண்டில் ஒன்று குறைந்தால் அது வாக்கே இல்லை என்று ஆகியது. றஸாக்கும் தொண்டையில் இருந்து ஒரு சத்தம் எழுப்புவார். அது அவருடைய ஓம் என்று இராசதுரைக்குத் தெரியும்.

விடுதியில் இன்னொரு வழக்கம் இருந்தது. அதைத் தொடக்கியவர் யாரென்று எனக்குத் தெரியாது, நான் வேலைக்கு வந்தபோதே இருந்தது. புதிதாக ஒரு பிள்ளை வந்தால், பெட்டியைத் திறக்கு முன்பே அதன் கையை இன்னொரு பிள்ளையின் கையில் வைத்து, "இது உண்ட சோடி" என்பார் விடுதிப் பொறுப்பாளர். காது கேளாத ஒருவருக்குக் கண் தெரியாத ஒருவர் சோடி. மணி அடித்தால், யாராவது கூப்பிட்டால், பின்னால் வாகனம் வந்தால், கேட்கிறவர் மற்றவரின் உள்ளங்கையில் சொல்ல வேண்டும். படி, கிணறு, பாம்பு எல்லாம் பார்க்கிறவரின் பொறுப்பு. பெரிய படிப்புப் படித்தவர்கள் இதை விஞ்ஞானம் இல்லை என்பார்கள். இல்லைதான். ஆனால் பிள்ளைகள் சண்டை பிடித்து மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு இருக்கும் நாளிலும், மணி அடித்தால் கை தானாக நீளும்.

டைம்கீப்பர் காக்காவுக்கு இந்தச் சோடி வழக்கத்தில் தனிப் பிரியம். அவருடைய மனைவி நபீலாவுக்கு நடுவயதிலேயே காது மந்தமாகிவிட்டது. ஏற்கெனவே குரல் அப்படி, வீட்டில் அதற்கு மேலே ஒரு படி ஏற்றிப் பேசுவார். அன்றைக்கு அவர்கள் வீட்டில் என்ன கறி என்பது வீதியால் போகிறவனுக்கும் தெரியும். புருஷன் பெண்சாதி ஊடலும் அப்படித்தான், ஒளிவு மறைவு கிடையாது. காதுக் கருவி வாங்கிக் கொடுத்தார். வண்டு புகுந்த மாதிரி இரைகிறது என்று கழற்றி வைத்துவிட்டா. "எனக்கு உங்கட சத்தம் மட்டும்தான் கேட்கிற. அது போதும்" என்று சிரிப்பா. மனிதருக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் இல்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் ஏதோ கரகரப்பு, வந்து பார்த்துச் சொல்லும்படி கூப்பிட்டிருந்தார்கள். அவர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கையில் கடற்கரைப் பக்கமிருந்து ஆட்கள் கத்திக்கொண்டு ஓடி வந்தார்கள். மைக் கையில் இருந்தது. "கடல் வருகுது! மேக்க ஓடுங்க! சாமான் பாக்காதீங்க, மேக்க ஓடுங்க!" அந்தத் தொண்டை அதற்காகவே அத்தனை வருடம் பழகியதோ என்னவோ. டைம்கீப்பர் காக்காவின் குரல் கேட்டு ஓடித் தப்பினோம் என்று சொல்லும் ஆட்கள் இன்றைக்கும் ஊரில் வீதிக்கு வீதி இருக்கிறார்கள்.

எங்கள் பள்ளிக்கூடமும் கடற்கரைப் பக்கம்தான். டிசம்பர் விடுமுறை என்பதால் விடுதியில் ஒரு சிலர்தான் நின்றார்கள். அதில் உசாந்தினியும் ஸம்றாவும் ஒரு சோடி. உசாந்தினிக்குக் கண் தெரியாது, வீடு தூரம், கூட்டிப்போக ஆள் வரவில்லை. ஸம்றாவுக்குக் காது கேட்காது. அவளுடைய வீடு கூப்பிடு தூரத்தில்தான். ஆனால் உசாந்தினியைத் தனியே விட்டுவிட்டு வரமாட்டேன் என்று உம்மாவோடு மல்லுக்கட்டி அங்கேயே நின்றுவிட்டாள். ஒலிபெருக்கியைக் கேட்டது உசாந்தினி. ஸம்றாவின் கையில் அவள் சொல்ல, ஸம்றா அவளை இழுத்துக்கொண்டு வயல் பக்கம் ஓடினாள். விடுதியில் நின்ற பிள்ளைகள் எல்லோருமே இப்படிச் சோடி சோடியாகத் தப்பினார்கள். விடுமுறைக்கு வீட்டுக்குப் போயிருந்தவர்களில்தான் சிலர் திரும்பி வரவில்லை.

நபீலாவும் வரவில்லை. இரண்டாம் நாள் மையித்துக் கிடைத்தது, அடக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகு, உங்கள் குரல்தான் எங்களைக் காப்பாற்றியது என்று யாராவது அவரிடம் சொன்னால், மனிதர் எழுந்து போய்விடுவார். முதலில் அது அடக்கம் என்று நினைத்தார்கள். போகப் போக, தலைக்கனம் என்றார்கள். ஊர் வாய் சும்மா இருக்குமா.

பள்ளிக்கூடத்தைக் கடல் அத்திவாரத்தோடு கொண்டு போயிருந்தது. ஊரின் மேற்கு ஓரத்தில், வயலைப் பார்த்தபடி ஒரு பழைய நெல் களஞ்சியம் இருந்தது. தற்காலிகம் என்று சொல்லிப் பிள்ளைகளை அங்கே கொண்டு போனோம். இலங்கையில் தற்காலிகம் என்ற சொல்லை நம்பியவன் கெட்டான். உமி வாசனை போவதற்கே ஒரு வருடம் எடுத்தது. மாரிக்குக் கூரை ஒழுகும், கோடைக்குத் தகரம் கொதிக்கும், எலி மட்டும் எல்லாக் காலத்துக்கும் பொது. நிறுவனக்காரர்கள் வாகனம் வாகனமாக வந்தார்கள். பிள்ளைகளோடு படம் எடுத்தார்கள். கடற்கரையில் கட்டக்கூடாது என்றார்கள், உள்ளே கட்டக் காணி இல்லை என்றார்கள், காணி கிடைத்தால் அனுமதி இல்லை என்றார்கள். ஒவ்வொருவருக்கும் டைம்கீப்பர் காக்கா பழைய பள்ளிக்கூடம் இருந்த கதையை முதலில் இருந்து சொன்னார். சொல்லிச் சொல்லி அந்தக் குரலே தேய்ந்துவிட்டது.

இடையில் யுத்தம் எங்கள் பக்கம் திரும்பியது. தமிழ் ஆட்களும் முஸ்லிம் ஆட்களும் ஒருவர் பக்கம் ஒருவர் போகப் பயந்த நாட்கள். அப்போதும் கூட்டம் நடக்க வேண்டும், அதற்கு இராசதுரை வர வேண்டும். தலைவர் தானே பாண்டிருப்புக்கு நடந்து போய் அவர் கையைப் பிடித்துக் கூட்டி வருவார். ஒருமுறை சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் இரண்டு பேரையும் மறித்து, யார் யாரைக் கூட்டிப் போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டானாம். "எனக்கும் அது விளங்கல்ல தம்பி" என்றாராம் இராசதுரை. ஆமிக்காரனுக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

யுத்தம் முடிந்தது என்று பட்டாசு கொளுத்திய அன்று, பார்வையற்ற பிள்ளைகள் ஷெல் என்று பயந்து கட்டிலுக்கடியில் போனார்கள். சோடிப் பிள்ளைகள் கூடவே கட்டிலுக்கடியில் போய், ஒன்றுமில்லை, வாண வெடி என்று கையில் சொன்னார்கள். அன்று இராசதுரை பாடம் எடுத்தார், ஒரு சொல்லும் வேறு பேசவில்லை. கடைசிச் சண்டை நடந்த வன்னியில் அவருடைய தங்கை குடும்பம் இருந்தது. தலைவர் வந்து அவருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, பாடம் முடியும்வரை பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்.

அதே வருடம்தான் ஸாஜித் அந்த நல்ல செய்தியைக் கொண்டு வந்தார். இளம் சட்டத்தரணி, சபையில் ஓடியாடித் திரிகிறவர் அவர் ஒருவர்தான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கட்டித் தரச் சம்மதித்துவிட்டது. விடுதி, வகுப்பறை, மலசலகூடம், எல்லாம் புதிதாக. ஒரேயொரு நிபந்தனை. காது கேளாத பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம், கண் தெரியாத பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளிக்கூடம். ஒன்றுக்கு வரிப்பத்தான்சேனையில் காணி, மற்றதற்குச் சாகாமத்தில் காணி. இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒன்றாகப் போட்டுப் படிப்பிப்பது முறையே அல்ல என்று அவர்களுடைய நிபுணர்கள் சொன்னார்கள்.

உண்மையைச் சொன்னால், அவர்கள் சொன்னது பிழையில்லை. ஒரு வகுப்பில் பாதிப் பேருக்குக் கரும்பலகை வேண்டும், பாதிப் பேருக்கு அது சுவர். ஒரே நேரத்தில் வாயாலும் கையாலும் படிப்பித்து எங்கள் ஆசிரியர்கள் ஓய்ந்து போயிருந்தார்கள். நானும் ஓய்ந்து போயிருந்தேன். ஒழுகாத கூரை என்று கேட்டதும் எனக்கு அழுகை வந்தது, வேறொன்றும் யோசிக்கத் தோன்றவில்லை. ஆனால் இரண்டாகப் பிரித்தால் சோடி முடிந்தது. அது எல்லோருக்கும் தெரியும்.

முதற் கூட்டத்தில் தலைவர் ஒரு கேள்விதான் கேட்டார். "வரிப்பத்தான்சேனைக்கும் சாகாமத்துக்கும் இடையில என்ன பஸ் ஓடுது?"

"பஸ்ஸுக்கும் இதுக்கும் என்ன காக்கா சம்பந்தம்?" என்றார் ஸாஜித்.

"நேர பஸ் இல்ல. அக்கரைப்பற்றுக்கு வந்து மாறோணும். மாறுற பஸ்ஸும் நேரத்துக்கு வராது. அந்தப் புள்ளயள் ஒண்ட ஒண்டு பாக்கப் போக ஏலா. அதான் கேட்ட."

வாக்கெடுப்பு அடுத்த கூட்டத்துக்கு என்று முடிவானது. அந்தக் கூட்ட நாள் காலையில் தலைவர் நேரத்தோடே வந்துவிட்டார். முதல் நாள் மழை. பிள்ளைகள் கட்டில்களை இழுத்து நடுவில் போட்டுவிட்டு, வாளிகளை எடுத்து ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அவர் வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். எவ்வளவு மெலிந்துவிட்டார் என்பதை அன்றைக்குத்தான் கவனித்தேன்.

"மகள், நான் இண்டைக்குப் பிரிக்கிறதுக்கு ஓம் எண்டு செல்லப்போறன்" என்றார்.

நான் நிரம்பிய வாளி ஒன்றை எடுத்து வெளியே ஊற்றிவிட்டு வந்தேன்.

"எனக்கு இனி ஏலா. சுனாமிக்குப் புறகு எத்தின பேருக்கிட்டப் போய்ப் பல்லக் காட்டிட்டன். இதையும் வேணாமெண்டா மறுகா ஒருத்தனும் வரமாட்டான். இந்தப் புள்ளயள் நனையிறத்தக் கண்டுக்கிட்டு நான் மவுத்தாக ஏலா."

"நீங்க செல்றது சரிதான் காக்கா" என்றேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

கூட்டம் தொடங்கியது. ஸாஜித் நன்றாகப் பேசினார், குறை சொல்ல ஒன்றுமில்லை. இராசதுரை எதிர்த்தார். சோடியால்தான் அன்றைக்குப் பிள்ளைகள் தப்பின என்றார். "ஒவ்வொரு நாளும் சுனாமி வாறதா ஐயா? ஒவ்வொரு நாளும் படிப்பு இரிக்கே" என்று ஸாஜித் திருப்பிக் கேட்டார். அதுவும் நியாயம்தான். றஸாக் கையை ஓங்கி ஓங்கிப் பேசினார். நான் சபைக்கு மொழிபெயர்த்தேன். காது கேளாத பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியில் மட்டும் பேசும் ஆசிரியர்கள் வேண்டும், அரைகுறையாகப் படித்துத் தான் பட்ட பாட்டை இவர்கள் படக்கூடாது, பிரிப்பதுதான் நல்லது. ஸம்றாவின் உம்மாவும் பெற்றார் சார்பில் சபையில் இருந்தா. தலையைக் குனிந்தபடி, "என்ட புள்ள அவள விட்டுப் போகாது" என்று மட்டும் சொன்னா.

வாக்கெடுத்தார்கள். பிரிப்பதற்கு ஸாஜித், சபையில் இருந்த டொக்டர், றஸாக். கை உயர்ந்தது, மூன்று ஓம் கேட்டது. வேண்டாம் என்பதற்கு இராசதுரை, பழைய அதிபர் கதிர்காமத்தம்பி, ஸம்றாவின் உம்மா. அதற்கும் மூன்று கை, மூன்று ஓம். தலைவரின் வாக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். சபை முழுக்க அவரைப் பார்த்தது. இராசதுரை காதைச் சாய்த்தார்.

"பிரிக்கிறதுக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு டைம்கீப்பர் காக்கா கையை உயர்த்தினார்.

ஸாஜித் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. டொக்டர் தன் கைப்பையை எடுத்தார். தலைவரின் கை மேலே நின்றது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. செருமினார். மறுபடியும் திறந்தார். பொத்துவில் பஸ்ஸையும் மட்டக்களப்பு பஸ்ஸையும் கூப்பிட்ட தொண்டை, ஒரு ஊரையே மேற்கே துரத்திய தொண்டை, ஒரு ஓம் சொல்ல முடியாமல் நின்றது.

"தலைவர் என்ன செய்யிறார்?" என்று இராசதுரை கேட்டார். "எனக்கு ஒண்டும் கேட்கல்லையே."

"கை உயர்த்தியிருக்கிறார்" என்றார் ஸாஜித்.

"குரல் வரல்ல. குரல் இல்லாட்டி வாக்கில்ல. அது நாங்க போட்ட சட்டம்."

"சும்மா இரிங்க ஐயா. வயசான மனிசன், தொண்டை அடைச்சிருக்கும். கையத்தான் எல்லாரும் கண்டமே."

"நான் காணல்ல" என்றார் இராசதுரை.

கை இன்னும் மேலேதான் இருந்தது. நான் தண்ணீர் கொடுத்தேன். அவர் குடிக்கவில்லை. பிறகு பேசினார். ஓம் என்று அல்ல.

"அண்டைக்கு மைக்கில கத்தினது நான்தான். டைம்கீப்பர் காக்காட சத்தம் கேட்டு ஓடினம் எண்டு ஊரெல்லாம் செல்லுது. ஓம், ஊருக்கே கேட்டிச்சி. நபீலாக்குக் கேட்கல்ல."

நான் றஸாக்கைப் பார்த்துக் கையால் சொல்லிக்கொண்டே போனேன். அது என் வேலை.

"பக்கத்தில நிண்டு கத்தினாத்தான் அவக்குக் கேட்கும், மைக்கில கேட்காதெண்டு எனக்குத் தெரியும். மைக்கப் புடிச்சிக்கிட்டு நிக்கக்குள்ளயும் தெரியும். மைக்கப் போட்டுட்டு ஓடினா மத்தவங்களுக்கு ஆர் செல்ற? பக்கத்துல ஆராவது அவட கையப் புடிச்சி இழுப்பாங்க எண்டு நினைச்சன். பக்கத்து ஊட்டுக்காரன் பொல்லாதவன் இல்ல. முன்னூட்டுக்காரியும் நல்ல மனிசி. அவங்களும் அப்படித்தான் நினைச்சிரிப்பாங்க, ஆராவது கூட்டிக்கிட்டுப் போவாங்க எண்டு. கிணத்தடியில உடுப்புக் காயப்போட்டுக்கிட்டு நிண்டவவாம். ஓடினவங்க கண்டிரிக்காங்க. ஆராவது, ஆராவது எண்டு... ஆராவது எண்டா ஒருத்தருமில்ல ஸாஜித்."

யாராவது என்பதற்கு எங்கள் கைமொழியில் ஒரு விரலைக் காற்றில் அங்குமிங்கும் சுற்றி, எவரையும் காட்டாமல் நிறுத்த வேண்டும். அன்றைக்கு அதை நான் றஸாக்குக்கு எத்தனை தடவை செய்தேனோ. கடைசித் தடவை என் விரல் நின்ற இடத்தில் ஒன்றுமே இல்லை, சுவர்தான் இருந்தது. எனக்குக் கண் மறைத்துவிட்டது.

"இந்தப் புள்ளயளுக்கு ஆராவது இல்ல. ஆளுக்கு ஒரு ஆள், பேர் செல்லி இரிக்கி. நனையட்டும். நனைஞ்சா துவைச்சிக்கலாம்."

கையை இறக்கினார். மேசையில் அது சத்தமாக விழுந்தது.

"கேட்டிச்சி" என்றார் இராசதுரை.

அவ்வளவுதான். நிறுவனக்காரர்கள் வேறு மாவட்டத்துக்குப் போனார்கள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை, உங்களோடு மாரடிக்க என்னால் ஏலாது என்று சொல்லிவிட்டு ஸாஜித் எழுந்து போனார். போனவர் அடுத்த மழைக்கு முன் ஒரு லொறி தகரத்தோடு வந்து, சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கூரையில் ஏறினார். இப்போது பாதிக் கூரை ஒழுகாது. றஸாக் இன்றைக்கும் தான் சொன்னதுதான் சரி என்கிறார். வாரம் ஒருநாள் கடையைப் பூட்டிவிட்டு வந்து பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக் கொடுக்கிறார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, அதை நான் மறுக்கமாட்டேன். எங்கள் பிள்ளைகள் மற்ற இடத்துப் பிள்ளைகள் அளவுக்குப் படிக்கவில்லை.

மழை பெய்யும் நாளெல்லாம் டைம்கீப்பர் காக்கா குடையோடு வந்துவிடுவார். ஒழுகும் பாதியில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "இந்தத் தண்ணி என்ட கணக்குத்தான் மகள்" என்பார். அந்தக் கூட்டத்துக்குப் பிறகு அவருடைய குரல் முழுதாகத் திரும்பவில்லை, பக்கத்தில் போனால்தான் கேட்கும். ஒருநாள், "நான் செஞ்சது சரியா?" என்று கேட்டார். எனக்குத் தெரியா காக்கா என்றேன். அவருக்கும் தெரியாது என்று தலையாட்டினார். இரண்டு பேரும் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அவர் மவுத்தானது ஒரு பாட நாளில். காலையில் சுகமில்லை என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தோம். பள்ளிவாசல் ஒலிபெருக்கி கரகரத்தது. ஓய்வு பெற்ற நேரக்காப்பாளர் பதியுதீன் அவர்கள் வபாத்தானார்கள், இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். பிரெயில் வகுப்பில் இராசதுரையின் விரல் நின்றது. காது கேட்கும் பிள்ளைகள் விம்மத் தொடங்கினார்கள். நாங்கள் ஆசிரியர்கள் ஆளை ஆள் பார்த்துக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நின்ற இடத்தில் நின்றோம். அடுத்த அறையில் தையல் வகுப்பு. அங்கே ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் தெரியாது, குனிந்து தைத்துக்கொண்டிருந்தார்கள்.

உசாந்தினி எழுந்தாள். இப்போது குமர்ப்பிள்ளை, என் உயரம் இருப்பாள். யாரையும் கேட்கவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். போகும் வழியில் மேசை இடித்தது, நிற்கவில்லை. ஸம்றா அவளைக் கண்டதும் துணியை வைத்துவிட்டுக் கையை நீட்டினாள். உசாந்தினி அந்தக் கையைப் பிடித்து, அதில் இரண்டு விரலை மட்டும் பிரித்தெடுத்து, ஸம்றாவின் உதட்டிலேயே வைத்தாள். விசில் ஊதுகிறவர். பிறகு அந்தக் கையை மெதுவாக இறக்கி, இனி இல்லை என்று உள்ளங்கையைக் கவிழ்த்து, தன் கையை அதன்மேல் வைத்துக்கொண்டு நின்றாள்.